கண்ணாடி பாலிஷ்

தன் கணவன்மேல் தனக்குத் துளி மதிப்பும் மிஞ்சவில்லை என்பது கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரியவந்தது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ரேஸ் மைதானத்தில், கையில் தயிர்சாதப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அதற்கு முன்னால் எரிச்சல் இருந்தது. எரிச்சல் எந்தக் குடும்பத்தில் இல்லை? ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவான், பேசும்போது மற்றவர்கள் பேச்சில் புகுந்து முடித்துவைப்பான், மின்விசிறியை அணைக்க மாட்டான். அதற்கெல்லாம் அவள் சத்தம் போட்டிருக்கிறாள். சத்தம் போடும் வரைக்கும் ஒருவனைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கை இருக்கத்தான் செய்கிறது.

தமிழரசுவும் அவளும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவன் சாஃப்ட்வேருக்குப் போனான். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் சேர்ந்தாள். பம்பின் வயிற்றுக்குள் தண்ணீர் எங்கே சுழிக்கிறது, எங்கே முட்டித் திரும்புகிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் அவள் வேலை. இருவருமாகப் பருத்திப்பட்டில் ஏரி தெரிகிற மாதிரி ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். அப்புறம் ஒரு பழைய ஹேட்ச்பேக் கார் வாங்கினார்கள், அலுவலகம் போக அல்ல, ரேஸ் மைதானத்தில் ஓட்ட. ஆசை இருவருக்கும் இருந்தது. அவளுக்கு இன்ஜின்மேல் ஆசை. அவனுக்கு இன்ஜின் பற்றிப் பேசுவதில் ஆசை.

அவன் ஒரு கார் கிளப்பும் ஆரம்பித்திருந்தான். ஞாயிறு காலையில் ஆவடி பைபாஸ் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, சுற்றி நின்று டீ குடிப்பார்கள். படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் கிளப். அதில் தமிழரசு எல்லோருக்கும் குரு. எந்த வண்டியைப் பார்த்தாலும் இடுப்பில் கை வைத்து, உதட்டைக் குவித்து, "ஏர்ஃப்ளோ பத்தல மச்சான்" என்பான். தர்மபுரிக்காரன். 'மச்சான்' என்ற சொல்லைச் சென்னைக்கு வந்த பிறகு வாங்கிக்கொண்டான், கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்ட மாதிரி.

காரின் பிளீனத்தைச் சரிசெய்யலாம் என்று சொன்னது அவள்தான். பிளீனம் என்பது இன்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி. வெளிக்காற்று முதலில் அதற்குள் வந்து சேர்ந்து, அங்கிருந்து கிளைக்குழாய்கள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போகும். தொழிற்சாலையில் அச்சில் ஊற்றி எடுத்த 'காஸ்டிங்' பெட்டி. உள்ளே சொரசொரப்பு, பிசிறு, கூரான விளிம்புகள், இரண்டு பாதிகள் சேருமிடத்தில் ஒரு படி. காற்று இதிலெல்லாம் முட்டும். அவள் அதைக் கழற்றி ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய், ஒரு பழைய மேசைமேல் வைத்து, சனிக்கிழமைதோறும் உட்கார்ந்தாள். கை கிரைண்டரின் முனையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு, அலுமினியம் பல்லில் அப்பாமல் ராவினாள். படியை மழித்தாள். ஒவ்வொரு கிளைக்குழாயின் வாயையும் புனலின் வாய்போல வளைத்துவிட்டாள். உள்ளே ஓரிடத்தில் ஒரு மேடு இருந்தது. வெளியிலிருந்து ஒரு போல்ட் வந்து ஏறுகிற இடம் அது. முழுக்க மழித்தால் போல்ட் துளை உள்ளே எட்டிப் பார்க்கும். அதை மழிக்காமல், காற்று இரண்டு பக்கமும் வழுக்கிப் போகும்படி மீனின் முதுகுபோல ஆக்கினாள். பிறகு எமரித் தாளால் தேய்த்தாள். கடைசியில் சோப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவினாள், மறுபடி கழுவினாள். ஒரு துகள் மிஞ்சினாலும் இன்ஜின் விழுங்கிவிடும்.

இந்த வேலையில் தமிழரசுவின் பங்கு, ஒருநாள் தூசு உறிஞ்சும் குழாயைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றது. தும்மல் வருகிறது என்று மேலே போய்விட்டான். போகும்போது கேட்டான்:

"உள்ள கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணலாம்ல பிரியா? வீடியோல எல்லாம் முகம் தெரியுது."

"உள்ள யாரு முகம் பாக்கப் போறா? லேசா சொரசொரப்பு இருந்தா போதும்."

"ஆனா பாக்க கெத்தா இருக்கும்."

மூடிப் போல்ட் போட்ட பிறகு யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வண்டியை அவன்தான் ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான், அதை மறுப்பதற்கில்லை. அவர்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தான். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் கிளப் முழுக்க அவனைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்றவன் மோகன். திருவேற்காட்டுக்காரன், அந்த ஊரில் அவன் தாத்தாக்கள் மல்லி பயிரிட்ட நிலத்தில் இப்போது அவன் குடும்பம் கல்யாண மண்டபம் நடத்துகிறது. அவனிடமும் இதே மாடல் வண்டி இருந்தது.

"மாமே, இன்னா மாமே இப்டி இழுக்குது! பிளீனம் யாராண்ட குடுத்த?"

தமிழரசு கையுறையை விரல் விரலாக உருவினான்.

"யார்கிட்டயும் குடுக்கல மச்சான். நானே தான். ரெண்டு மாசம். உள்ள ஃபுல் மிரர் பாலிஷ்."

கிருஷ்ணப்பிரியா அவனுக்கு எதிரே நாலடி தள்ளி நின்றிருந்தாள். அவள் விரல் நுனிகளில் இன்னும் எமரித் தாள் தேய்த்த தழும்பு இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். கண்ணைத் தாழ்த்தவில்லை, கெஞ்சவில்லை, 'அப்புறம் சொல்றேன்' என்று சாடை காட்டவில்லை. இயல்பாகச் சிரித்தான், சாப்பாடு வந்துவிட்டதே என்கிற சிரிப்பு. அவன் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவன் அதை நம்பினான். இதுதான் அவளை உள்ளே எங்கேயோ சில்லிட வைத்தது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எதுவென்றாவது தெரியும்.

அவள் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே ஏர்ஃப்ளோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். வாயில் தயிர்சாதத்தோடு, காற்று கண்ணாடிமேல் எப்படி வழுக்குகிறது என்று கையால் காட்டினான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் இன்ஜினியர்கள். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் அவன் ஒரு சாக்குப் பையோடு வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். உள்ளே மோகனுடைய வண்டியின் பிளீனம்.

"பிரியா, இதையும் பண்ணிடேன். பாவம், ஆசைப்படறான்."

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீதானே பண்ணின? பண்ணு."

"ஏய், அது சும்மா அங்க பேச்சுக்கு..."

"கிரைண்டர் கீழ ஷெல்ஃப்ல இருக்கு. மண்ணெண்ணெய் பக்கத்துலயே இருக்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் முகம் மாறியது. "நான் பண்ணமாட்டேன்னு நினைக்கிறியா?" என்று சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனான்.

பண்ணவும் செய்தான். முதலில் கைப்பேசியை ஒரு கம்பத்தில் பொருத்தி, தான் வேலை செய்வதைப் படம் எடுத்தான். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தான், கழற்றினான், முடியைச் சரிசெய்து மறுபடி அணிந்தான். கிரைண்டர் சத்தம் போட்ட நேரத்தைவிட அவன் பேசிய நேரம் அதிகம். கிருஷ்ணப்பிரியா பால்கனியிலிருந்து துணி உலர்த்திக்கொண்டே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவன் கிளைக்குழாய் வாய்களைத் தொடவேயில்லை. நடுவில், எல்லோர் கண்ணிலும் படக்கூடிய தட்டையான பகுதியைப் பஞ்சு சக்கரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளித் தட்டுபோல மின்னியது. அவள் கிளிப்பை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் குப்பைக் கூடையில் எம்சீல் உறை கிடந்தது. ஒழுகும் குழாயை அடைக்க எல்லா வீட்டிலும் வாங்குகிற அதே மாவு. பால்கனிக் குழாய் வெகுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லையே, சொல்லாமலே ஒரு வேலை செய்திருக்கிறானே என்று நினைத்தாள். கொஞ்சம் இளகக்கூடச் செய்தாள்.

மோகன் வீட்டுக்கு வந்து பிளீனத்தை வாங்கிப் போனான். அதன் பளபளப்பில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டான். "ஷோக்கா கீது மாமே!" என்று தமிழரசுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் அந்தப் பெட்டியை நடுவில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கோப்பை வாங்கியவர்களைப்போல.

மோகனின் மனைவி கலைவாணி ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வண்டியில்தான் தினமும் போய் வருகிறாள். வழியில் மகளைப் பள்ளியில் விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அது அவன் ரேஸ் வண்டி, மற்ற நாளெல்லாம் அவள் பிழைப்பு வண்டி. தைராய்டு பார்க்க ரத்தம் கொடுக்க கிருஷ்ணப்பிரியா அங்கே போனபோது, கலைவாணி அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"உங்க ஊட்டுக்காரரு இன்னா பண்ணாரோ தெர்லக்கா, வண்டி சிக்னல்ல நின்னா உறுமுது. தானா ஏறுது, தானா எறங்குது. நேத்து பைபாஸ்ல லாரிக்கு முன்னாடி ஆஃப் ஆயிட்ச்சு. பாப்பா வேற உள்ள கீறா. எனுக்கு உசுரே போயிட்ச்சு."

"மோகன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. 'ரேஸ் டியூனிங்னா அப்டித்தான் இருக்கும், உனுக்கு இன்னா தெரியும்'ன்றாரு. கைய மூடுங்க."

ஊசி ஏறியது. கிருஷ்ணப்பிரியாவின் நினைவில் பால்கனிக் குழாய் சொட்டியது. இன்று காலையும் அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அந்த மேட்டை மழிச்சிட்டியா?"

தமிழரசு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்த மேடு?"

"போல்ட் ஏறுற மேடு. ஓட்டை விழுந்து, எம்சீல் வச்சு அடைச்சு, மேல பாலிஷ் போட்டிருக்க."

"ஓட்டைன்னு சொல்லாத. சின்ன பின்ஹோல். இந்த எபாக்ஸியெல்லாம் ஏரோபிளேன்லயே போடறாங்க, தெரியுமா உனக்கு?"

"இது ஏரோபிளேன்ல போடறது இல்ல. பாத்ரூம்ல போடறது. இப்பவே காத்து ஒழுகுது. பெயர்ந்து உள்ள போச்சுன்னா வால்வு வளையும். அவ குழந்தையோட பைபாஸ்ல நின்னிருக்கா அரசு."

அவன் இப்போது நிமிர்ந்தான். முகத்தில் பயம் தெரிந்தது. வண்டிக்காக இல்லை என்பதும் தெரிந்தது.

"மோகன்கிட்ட சொல்லிடாத. அவன் குரூப்ல போட்டுடுவான். என் மானமே போயிடும்."

"நீயே சொல்லு. நாளைக்குச் சொல்லு. கலைவாணி வண்டியை எடுக்கக் கூடாது."

"சொல்றேன், சொல்றேன்."

கலைவாணிக்குக் கிருஷ்ணப்பிரியாவே போன் செய்து, இரண்டு நாளைக்கு ஷேர் ஆட்டோவில் போகச் சொன்னாள். அவன் சொல்லவில்லை. மறுநாள் மாலை கேட்டபோது, மோகன் பிஸியாக இருந்தான் என்றான். அதற்கு மறுநாள், இதையெல்லாம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்றான். சனிக்கிழமை காலை அவள் தன் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு திருவேற்காடு புறப்பட்டாள்.

மோகன் வீட்டு வாசலில் லுங்கியோடு நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு மிகவும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல,

"சிஸ்டர், இது ரொம்ப டெக்னிக்கல் மேட்டர். நீங்க இன்னாத்துக்கு டென்சன் ஆவுறீங்க?" என்றான்.

"அந்த முதல் பிளீனத்தைப் பண்ணினது நான்தான்."

மோகன் சிரித்தான். கேலியாகக்கூட இல்லை, நல்ல மனதோடுதான் சிரித்தான். கைப்பேசியை எடுத்துத் தமிழரசுவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமே, சிஸ்டர் இங்க வந்துகீறாங்க. நீ செஞ்சதுல ஓட்டை கீதுன்றாங்க. உன் வண்டி பிளீனத்தக்கூட அவங்கதான் செஞ்சாங்கன்றாங்க. இன்னா கதை?"

தமிழரசுவின் குரல், தெளிவாக, வாசல் முழுக்கக் கேட்கும்படி வந்தது:

"அய்யோ, வந்துட்டாளா? பொறாமை மச்சான். கிளப்ல எல்லாரும் என்னையே கேக்கறாங்கல்ல, தாங்க முடியல. நீ கண்டுக்காத, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் ஸ்பீக்கர் இருந்த திசையைப் பார்த்தாள். காலில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்க்கிற பார்வை. பதில் சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஆளிடம் அல்லவா பதில் சொல்வார்கள்.

உள்ளேயிருந்து கலைவாணி வந்தாள். ஈரத் தலையில் துண்டு. கையில் சாவி.

"வண்டி எம்பேர்ல கீது. எங்கப்பா வாங்கிக் குடுத்தது. நீங்க தொறங்கக்கா."

"ஏ கலை, இன்னா நீ..."

"நீ சும்மா இரு. லாரிக்கு முன்னாடி நின்னது நீயா நானா?"

கிருஷ்ணப்பிரியா பானெட்டைத் தூக்கினாள். குழாய்களைக் கழற்றினாள், கிளிப்புகளைத் தளர்த்தினாள், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கலைவாணி நீட்டிய எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டாள். மோகன் கொஞ்ச தூரத்தில் கைகட்டி நின்றான். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து மதிலில் சாய்ந்துகொண்டார்கள். பொம்பளை வண்டி பிரிக்கிறாள் என்றால் திருவேற்காட்டில் அது சனிக்கிழமைக்குப் போதுமான காட்சிதான்.

பிளீனத்தைத் தூக்கி வெயிலில் கவிழ்த்துக் காட்டினாள். பளபளத்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக நெம்பினாள். உரித்த கடலைத் தோல்போலப் பெயர்ந்து விழுந்தது. ஓட்டையின் வழியாக வெயில் வந்தது. திட்டின் ஓரத்தில் ஒரு நக அளவு துண்டு ஏற்கெனவே இல்லை.

"அந்தத் துண்டு எங்கக்கா?" என்றாள் கலைவாணி.

கிருஷ்ணப்பிரியா டார்ச்சை வாங்கி, கிளைக்குழாய்களுக்குள் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். மூன்றாவதின் வளைவில் அது எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் வால்வு. நீண்ட மூக்கு இடுக்கியால் மெல்ல எடுத்து, மோகனின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

தமிழரசு ஆட்டோவில் வந்து இறங்கியபோது பிளீனம் வாசல் படியில் வாயைப் பிளந்து கிடந்தது. ஒரு பார்வையில் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். கிருஷ்ணப்பிரியாவும் பார்த்தாள். மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த நிமிடத்தில், அவள் எவ்வளவோ மறந்திருப்பாள்.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன் மச்சான்," என்றான் தமிழரசு. "பேசிக்கலா உன் வண்டியோட காஸ்டிங் வீக்."

பிறகு நடந்ததுதான் அவள் எதிர்பார்க்காதது. மோகன் அந்தத் துண்டைக் கீழே போட்டுவிட்டு, தமிழரசுவின் தோளில் கை போட்டான்.

"வுடு மாமே. யாருக்கும் நடக்கறதுதான்." அப்புறம் அவள் பக்கம் திரும்பி, வருத்தத்தோடு, "நீங்க தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம் சிஸ்டர். நாலு பேர் முன்னாடி, புருசன் மானத்த..." என்றான்.

கலைவாணி கிண்ணத்தைப் படியில் வைத்தாள். போல்ட்டுகள் அதிர்ந்தன.

"தூ. நீயெல்லாம் ஒரு அப்பன். எம்பொண்ணு உசுரு போனா பரவால்ல, உன் பிரண்டு மானம் போவக் கூடாது. ரெண்டு பேரும் உள்ள போய் டீ போட்டுக் குடிங்க, போங்க. அக்கா, இத்த இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

அவர்கள் உண்மையிலேயே உள்ளே போனார்கள். டீ வாசனை வந்தது.

அவள் பிளீனத்தை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு எடுத்துப்போய், தெரிந்த பட்டறையில் ஓட்டையை அலுமினிய வெல்டிங் வைத்து அடைத்து, அந்தப் பளபளப்பை எமரித் தாளால் மங்கடித்து, கிளைக்குழாய் வாய்களையும் வளைத்து, அடுத்த ஞாயிறு கலைவாணியின் வண்டியில் பூட்டினாள். வண்டி சிக்னலில் உறுமவில்லை. கலைவாணி ஒரு கூடை மல்லியும் பிரியாணியும் கொடுத்தனுப்பினாள். மோகன் அன்று வெளியே போயிருந்தான். போயிருக்கச் சொல்லியிருந்தாள்.

இந்த நாட்களில் வீட்டில் சண்டை இல்லை. அதுதான் தமிழரசுவைக் கலவரப்படுத்தியது. ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தால் அவள் எடுத்துக் கொடியில் போட்டாள். அவன் பேசினால் கேட்டுக்கொண்டாள். "சரி", "அப்படியா", "ஆகட்டும்" என்றாள். வரிசையில் நிற்கும் தெரியாத ஆளிடம் காட்டுகிற மரியாதை அது. தன் குரலில் அதைக் கேட்டு அவளுக்கே ஒருநாள் உடல் கூசியது.

"என்மேல கோபமா?" என்று கேட்டான்.

"இல்ல."

"கோபப்படு. திட்டு. முன்னாடி திட்டுவல்ல? இது என்னமோ மாதிரி இருக்கு."

"திட்ட வரல அரசு. முயற்சி பண்ணிப் பாத்தேன்."

அவன் சோபாவில் உட்கார்ந்தான். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். பழைய குரலில், கல்லூரி கேன்டீனில் அவளுக்குப் பிடித்திருந்த குரலில் பேசினான்.

"உனக்கு ஆபீஸ்ல மதிப்பு இருக்கு. நீ ஒரு விஷயம் சொன்னா கேக்கறாங்க. எனக்கு என்ன இருக்கு? அங்க நான் பண்ற வேலையை நாளைக்கு வேற எவன் பண்ணாலும் யாருக்கும் தெரியாது. கிளப்ல மட்டும்தான் பிரியா என்னை ஒரு ஆளா பாக்கறாங்க. அது தப்பா?"

அவளுக்கு நெஞ்சு இளகியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தாள். வைக்கப் போனாள்.

அவன் நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்ப ஒண்ணு பண்ணலாமா? முதல் பிளீனத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணோம்னு குரூப்ல போட்டுடறேன். ஐடியா என்னோடது, லேபர் உன்னோடதுன்னு. ரெண்டு பேருக்கும் அசிங்கம் இல்ல."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திருநின்றவூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தாள். சின்ன வீடுதான், ஆனால் பக்கவாட்டில் வண்டி நிறுத்த ஒரு கொட்டகையும் அதில் மின்சாரமும் இருந்தன. அங்கிருந்து மின்சார ரயிலில் அம்பத்தூர் போவது எளிது. பழைய ஹேட்ச்பேக்கைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். தமிழரசு மறுக்கவில்லை. கிளப்பில் அவன் தலைமை ஆட்டம் கண்டிருந்தது; அவனுக்கும் காரில் ருசி விட்டுப்போயிருந்தது. இப்போது அவன் காபிக்கு மாறிவிட்டதாகக் கலைவாணி சொன்னாள். கொட்டையை அவனே வறுக்கிறானாம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் டிகாக்‌ஷனை முகர்ந்து பார்க்கச் சொல்லி, உதட்டைக் குவித்து, "அசிடிட்டி பத்தல மச்சான்" என்கிறானாம். மூன்று பேர் தலையாட்டுகிறார்களாம்.

கோவில்பட்டியிலிருந்து அம்மா அங்கம்மா போன் செய்தாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கிருஷ்ணப்பிரியா மிகவும் திணறினாள்.

"குடிக்கானா?"

"இல்லம்மா."

"அடிக்கானா?"

"இல்ல."

"வேற எவளும்...?"

"இல்லம்மா. அவன் நல்லவன்தான். என்னால மதிக்க முடியல. அவ்வளவுதான்."

"மதிக்க முடியலைன்னு எவளாவது வீட்டை விட்டுப் போவாளாடி? ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? நான் கிளம்பி வாரேன், நீ பொட்டி சாமானைக் கட்டி வை."

சொன்னபடி வந்தாள். காலையில் திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கி, கையில் பெரிய பையோடு, வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சமையலறையைப் பார்த்தாள், முகம் சுளித்தாள். கொட்டகையில் நின்ற வண்டியைப் பார்த்தாள். மகளை ஃபிளாட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போவதற்குத் தயாராக வந்த பேச்சையெல்லாம் பேசினாள். குடும்பம், அக்கம்பக்கம், வயசு, வாழ்க்கை. கிருஷ்ணப்பிரியா எதிர்த்துப் பேசாமல் காபி போட்டுக் கொடுத்தாள். பேச்சு தீர்ந்ததும் அங்கம்மா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பாவை நான் மதிச்சேன்னு நெனச்சியா?" என்றாள் திடீரென்று.

கிருஷ்ணப்பிரியா திரும்பிப் பார்த்தாள்.

"உரக்கடையில உக்காந்துக்கிட்டு, கலெக்டரே என்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவாருன்னு சொல்லுவாரு. வார ஆளெல்லாம் கேட்டுட்டுப் போவான். நான் உள்ள நின்னு தாளிச்சுக்கிட்டு இருப்பேன். கல்யாணம் ஆன மூணாம் மாசமே தெரிஞ்சுபோச்சுடி, இந்த ஆளு ஒண்ணுமில்லைன்னு. சோத்தைப் போட்டேன், துணி துவைச்சேன், ரெண்டு பிள்ளை பெத்தேன். மதிச்சது இல்ல."

"ஒருநாளும் சொன்னதில்லையேம்மா."

"யாருகிட்ட சொல்ல? அதுக்கு ஒரு பேரு இருக்குன்னே நீ சொல்லித்தான தெரியுது."

வெளியே வீட்டுக்காரம்மா வேம்புலியம்மாள் வந்து, "தண்ணி லாரி வந்துகீது, கொடம் எடுத்துகினு வாங்க" என்று கூப்பிட்டாள். அங்கம்மா எழுந்து புடவையைச் செருகிக்கொண்டு, குடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

நாலு நாள் இருந்து மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக வீட்டில் சொல்லி வந்தவள், தீபாவளிக்கும் ஊருக்குப் போகவில்லை. அப்பா தினமும் போன் செய்தார். எப்போது வருகிறாய், ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகவில்லை, கடையில் எவ்வளவு பேர் வந்து விசாரிக்கிறார்கள் தெரியுமா என்றார். அங்கம்மா போனைச் சமையல் மேடைமேல் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, இடையிடையே "சரி", "அப்படியா", "ஆகட்டும்" என்றபடி, நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.